ரிப்போர்ட்டில் எல்லாம் லிமிட்டுக்குள், பெயின்டருக்கு மட்டும் ராத்திரி இருமல்

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 11, இரவு 9.40

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. பெயின்ட் பூத்தில் ஆள் வந்து காற்றை அளந்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். தின்னரில் இருக்கும் டொலுயீன், சைலீன் இரண்டும் லிமிட்டுக்குள்தான். ஆனால் பெயின்டர் இரண்டு பேர் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். லீவு நாளில் நன்றாகத் தூங்குகிறார்களாம். பெயின்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னருக்கென்று தனி நெடி எதுவும் இல்லை, அதனால் அது காரணமாக இருக்காது என்கிறார் ஃபோர்மேன். மெஷின் தப்பா, அளந்த ஆள் தப்பா?

நவம்பர் 11, இரவு 10.55

முதலில் அந்த இரண்டு பேரையும் நாளைக்கே நெஞ்சு டாக்டரிடம் அனுப்புங்கள். "ஐசோசயனேட் பெயின்ட் அடிக்கிறேன், லீவு நாளில் இருமல் இல்லை" என்ற இரண்டையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஐசோசயனேட் என்பது அந்த ஹார்ட்னரில் இருக்கும் பொருள். அதைக் கேட்காமல் இருமல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மெஷினைப் பற்றிக் காலையில் எழுதுகிறேன்.

நவம்பர் 12, காலை 7.10

பதினாறு வருடமாக இந்தச் சாம்பிள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட் பொய்யாக இருக்காது. டொலுயீன் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள், அதற்கு ஒழுங்காகப் பதில் வந்திருக்கிறது. இருமலுக்குக் காரணம் வேறு பொருளாக இருந்தால் அந்தப் பதிலை வைத்து என்ன செய்வது?

டொலுயீனை அளப்பது இப்படி. பென்சில் துண்டு அளவு கண்ணாடிக் குழாய். உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கரி, முன்னால் 100 மில்லிகிராம், பின்னால் 50. இரண்டு முனையையும் உடைத்து, இடுப்பு பெல்ட்டில் மாட்டிய சின்னப் பம்போடு ரப்பர் டியூபால் இணைத்து, சட்டைக் காலரில் கிளிப் போடுவோம். காற்றில் இருக்கும் தின்னர் ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும். லேபில் கார்பன் டைசல்பைடு ஊற்றி அதைக் கரியிலிருந்து இறக்கி, கேஸ் குரோமட்டோகிராஃபில் விட்டு எத்தனை மில்லிகிராம் என்று பார்ப்பார்கள். பின்பக்கக் கரியில் முன்பக்கத்தில் இருப்பதைப் போல 10 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் முன்கரி நிறைந்து வழிந்துவிட்டது, அந்த ரீடிங்கை நம்பக் கூடாது. உங்கள் ரிப்போர்ட்டில் முன், பின் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் ஹார்ட்னர். பஸ்ஸுக்கு அடிக்கும் டூ-பேக், அதாவது இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டில் பெரும்பாலும் எச்.டி.ஐ. வகை ஐசோசயனேட் இருக்கும். அதன் தனி மூலக்கூறு ஹார்ட்னரில் மிகக் குறைவு. மூன்று நான்கு மூலக்கூறுகள் பிணைந்த சங்கிலிகள்தான் மீதி. இந்தச் சங்கிலி ஆவியாகாது. ஸ்ப்ரே கன் அடிக்கும்போது எழும் பனி மாதிரியான துளிகளில் ஏறித்தான் மூச்சுக்குள் போகும். கரி டியூப் அதை அளக்காது. லிமிட் அளவில் இருக்கும்போது மூக்குக்கும் தெரியாது. மூக்குக்குத் தெரிகிற நேரத்தில் லிமிட்டை எப்போதோ தாண்டியிருக்கும்.

நவம்பர் 12, மதியம் 1.30

கையில் பிடிக்கும் பி.ஐ.டி. மீட்டர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தின்னருக்கு வாங்கலாம், எந்த வேலையில் நெடி எகிறுகிறது என்று உடனே காட்டிவிடும். கன் கழுவும் இடத்தில் பிடித்துப் பாருங்கள், பூத்தைவிட அங்கேதான் ஏறும். ஆனால் அது காட்டும் எண், மீட்டரைச் சரிசெய்யப் பயன்படுத்தும் ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவின் கணக்கில் வரும். டொலுயீன் மட்டும் இருந்தால் ஏறக்குறைய 0.5ஆல் பெருக்க வேண்டும். ஐசோசயனேட் துளியை அளக்க அது உதவாது.

நவம்பர் 14, இரவு 11.05

லிமிட் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டவருக்கு. பம்ப் நிமிடத்துக்கு 50 மில்லி இழுக்கிறது, இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் 6 லிட்டர் காற்று. அந்த டியூபில் 0.9 மில்லிகிராம் டொலுயீன் இருந்தால் கன மீட்டருக்கு 150 மில்லிகிராம், அதாவது சுமார் 40 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 40 பங்கு).

ஒரு ஆள் மூன்று மணி நேரம் 100 பிபிஎம்மில் கன் பிடிக்கிறார், மீதி ஐந்து மணி நேரம் பட்டி தேய்ப்பது, மறைப்புக் காகிதம் ஒட்டுவது என்று 10 பிபிஎம்மில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 300ம் 50ம் 350. எட்டால் வகுத்தால் 44. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் டொலுயீனுக்கு 100 என்று இருந்தது. பாதிக்கும் கீழே.

நவம்பர் 15, காலை 6.20

நேற்று எழுதியது அரைகுறை. கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் சொன்னார்: டெலிவரி நெருங்கினால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எட்டு மணி நேரத்துக்கான லிமிட்டை வைத்து அதைப் பார்ப்பது தவறு. வேலை நேரம் கூடுகிறது, உடம்பிலிருந்து வெளியேற நேரம் குறைகிறது. பிரீஃப், ஸ்காலா என்ற இருவர் 1975இல் கொடுத்த கணக்கின்படி பன்னிரண்டு மணி நேரத்துக்கு லிமிட் சரிபாதி, 50.

இப்போது போடுங்கள். ஐந்து மணி நேரம் 100இல், ஏழு மணி நேரம் 10இல். 570ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 47.5. பாதிக்கும் கீழே என்று நேற்றுச் சொன்னது இன்று விளிம்பில் நிற்கிறது. கூடவே சைலீன் ஒரு 20 இருக்கட்டும். அட்டவணையில் அதற்கும் 100தான், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 50. இரண்டுமே தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வகை, அதனால் பங்குகளைக் கூட்ட வேண்டும். 47.5ஐ 50ஆல் வகுத்தால் 0.95, 20ஐ 50ஆல் வகுத்தால் 0.4. மொத்தம் 1.35. ஒன்றைத் தாண்டினால் லிமிட்டைத் தாண்டியதாக அர்த்தம். ரிப்போர்ட்டில் தனித்தனி வரியில் இரண்டுமே "லிமிட்டுக்குள்" என்றுதான் இருக்கும்!

அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் சங்கமான ஏ.சி.ஜி.ஐ.எச். டொலுயீனுக்குச் சொல்வது 20 பிபிஎம். அதை வைத்தால் நேற்றைய எட்டு மணி நேரக் கணக்கே இரண்டு மடங்குக்கு மேல்.

நவம்பர் 17, மாலை 5.45

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: பம்ப் வைத்த இடம், பூத்தின் கிழக்குச் சுவர், ஆளுயரம்.

சுவர் பெயின்ட் அடிப்பதில்லை. கன் பிடிக்கிறவர் பஸ்ஸின் கூரை வளைவுக்குக் கீழே ஸ்டாண்டில் ஏறி, தலையைச் சாய்த்து, கையை நீட்டி அடிக்கிறார். தகட்டில் பட்டுத் திரும்பும் பனி அவர் முகத்தில்தான் விழும். சுவர்ப் பக்கம் எக்ஸாஸ்ட் இழுப்பு நன்றாக இருந்தால் அங்கே காற்று சுத்தமாகவே இருக்கும். 1960இலேயே பிரிட்டனின் அணுசக்தி ஆணையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால் என்ற இருவர் ஆள் மேலேயே மாட்டும் பம்பைச் செய்து காட்டினார்கள். அறையில் வைத்த கருவி காட்டுவதும் ஆள் சுவாசிப்பதும் ஒன்றல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது. மூக்கைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் காற்றைத்தான் எடுக்க வேண்டும்.

ஆள் மேல் பம்ப் கட்டினால் வேலைக்குத் தொந்தரவு என்று முதலாளிமார் சொல்வது எனக்குப் புரிகிறது. அரை கிலோ இடுப்பில் தொங்கும், டியூப் ஹோஸில் மாட்டும். ஆனால் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய் முதுகில் டேப் ஒட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் அவருக்கே மறந்துபோகும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சோப்புக் குமிழி மீட்டரில் பம்பின் ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். நான் தூக்கிப் போட்டிருக்கிறேன், ஒருநாள் உழைப்பு முழுக்க.

நவம்பர் 18, இரவு 9.15

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். பம்பைக் கழற்றும்போது சொன்னார்: "உங்க மெஷின் என்ன சொல்லுதுங்க சார்? நான் இங்க பார்த்துக்கறேன்." மூக்கைச் சிந்திக் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். அன்றைக்கு அடித்த லாரியின் நீலம். மாஸ்க் போட்டுத்தான் அடித்தார், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு நாள் தாடி இருந்தது, மாஸ்க் ஓரம் தோலில் உட்காரவே இல்லை. நான் அன்று எடுத்த எந்த எண்ணும் அந்த நீலம் சொன்ன அளவுக்கு எனக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 23, மதியம் 3.00

சரி, ஐசோசயனேட்டை எப்படி அளப்பது? பிடிபட்ட பிறகும் அது சும்மா இருக்காது. பெயின்டில் இருக்கும் பாலியால் என்ற பொருளோடு சேர்ந்து இறுகுவதுதான் அதன் வேலை, ஃபில்டரில் விழுந்த துளிக்குள்ளும் அதே வேலை நடக்கும். சாயங்காலம் லேப் போய்ச் சேருவதற்குள் பாதி மறைந்துவிடும். அதனால் விழுந்த இடத்திலேயே அதைக் கட்டிப்போடும் மருந்து தடவிய கண்ணாடி நார் ஃபில்டர் வேண்டும். பிரிட்டன் முறையில் மீத்தாக்ஸிஃபினைல் பைப்பரசீன். பெரிய துளிக்குள் இருப்பதை ஃபில்டர் மருந்து எட்டாது என்பதால், முன்னால் அதே மருந்துக் கரைசல் ஊற்றிய இம்பிஞ்சர் என்ற கண்ணாடிக் குப்பியையும் சேர்க்கிறார்கள். கழற்றியவுடன் ஃபில்டரைக் கரைசலில் போட்டு மூடிவிட வேண்டும், ரூமுக்குப் போய்ப் போடலாம் என்று பையில் வைக்கக் கூடாது. எங்கள் டீமில் இதை ஐஸ் பெட்டியோடு பூத் வாசலிலேயே உட்கார்ந்து செய்வோம்.

லேபிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மோனமரை, அதாவது தனி மூலக்கூறை மட்டும் அளப்பீர்களா, தனி மூலக்கூறிலும் சங்கிலியிலும் இருக்கும் ஐசோசயனேட் முனையான என்.சி.ஓ. குழு மொத்தத்தையும் அளப்பீர்களா? மோனமர் மட்டும் என்றால் "கண்டறியப்படவில்லை" என்று வரும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். நுரையீரலுக்குப் போனது சங்கிலி. பிரிட்டன் தன் லிமிட்டை மொத்த என்.சி.ஓ. கணக்கில் வைத்திருப்பது இதனால்தான்: எட்டு மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 0.02 மில்லிகிராம், பதினைந்து நிமிடத்துக்கு 0.07. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் போட்ட உத்தரவில் இன்னும் கீழே போய்விட்டது, 6 மைக்ரோகிராம், குறுகிய நேரத்துக்கு 12. 2028 முடியும்வரை 10ம் 20ம்.

நவம்பர் 24, காலை 8.30

"ஐசோசயனேட் என்றால் போபால்தானே, அதை எப்படிப் பஸ்ஸுக்கு அடிக்க விடுகிறார்கள்?" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். குடும்பம் ஒன்று, ஆள் வேறு. போபாலில் 1984 டிசம்பரில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். 39 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும் சின்ன மூலக்கூறு. ஹார்ட்னரில் இருப்பது ஆவியாகாத கனமான சங்கிலி. டின்னைத் திறந்து வைத்தால் ஊரைக் கொல்லாது. துளியாக அடித்து நாள்தோறும் சுவாசித்தால் சிலரின் உடம்பு அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும், அதுதான் ஆஸ்துமா. தோலில் பட்டும் அந்த அடையாளம் விழலாம் என்கிறார்கள், அதனால் கையுறையை விடாதீர்கள். கோபம் வேறொரு வகையில் நியாயம்தான். நான் மேலே சொன்ன லிமிட் அட்டவணை சட்டத்துக்குள் வந்ததே போபாலுக்குப் பிறகு, 1987 திருத்தத்தில்.

டிசம்பர் 1, இரவு 10.20

சிறுநீர் பரிசோதனை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஐசோசயனேட்டுக்கு அதுதான் எனக்குப் பிடித்த வழி. எச்.டி.ஐ. உடம்பில் போனால் அது மாறி உருவாகும் டையமீன் என்ற பொருள் சிறுநீரில் வரும். மாஸ்க் வேலை செய்ததா, கையுறை கிழிந்திருந்ததா, எல்லாம் ஒரே பாட்டிலில் தெரிந்துவிடும். வேலை முடிந்த கையோடு எடுக்க வேண்டும், மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் போய்விடும். பிரிட்டனில் வழிகாட்டு மதிப்பு, சிறுநீரில் எப்போதும் இருக்கும் கழிவான கிரியாட்டினின் ஒரு மோலுக்கு 1 மைக்ரோமோல்.

டொலுயீனுக்கு, அது உடம்பில் மாறிச் சிறுநீரில் வரும் ஹிப்யூரிக் அமிலம் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். பாட்டில் ஊறுகாயிலும் கூல்டிரிங்கிலும் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட் உடம்பில் அதே ஹிப்யூரிக் அமிலமாகத்தான் மாறும். மதியம் தயிர்சாதத்துக்குக் கடை ஊறுகாய் தொட்டுக்கொண்டவர் ஆபீஸ் கணக்கராக இருந்தாலும் ரீடிங் ஏறும். டொலுயீனிலிருந்து வரும் இன்னொரு பொருளான ஆர்த்தோ கிரெசால் பரவாயில்லை, ஆனால் பீடி சிகரெட் பிடிப்பவருக்கு அதுவும் கொஞ்சம் கூடும், கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 8, மாலை 6.40

கரூரை விட்டு கொஞ்சம் தள்ளிப் போகிறேன். 1992இல் ஸ்பெயினின் அல்கோய் பகுதியில் துணிக்குப் பூ வேலை பிரின்ட் செய்யும் சின்னப் பட்டறைகளில், பெரும்பாலும் இளம்பெண்கள், சாயத்தை ஸ்ப்ரே கன்னில் அடித்தார்கள். நுரையீரல் கெட்டு 6 பேர் இறந்தார்கள். ஆர்டிஸ்டில் என்ற பட்டறையின் பெயராலேயே அந்த நோயை அழைக்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் பெரிய நஞ்சில்லை எனப்பட்ட பொருள், துளியாகி நுரையீரலுக்குள் போனதும் வேறாகிவிட்டது. பிரஷ்ஷில் தடவும்போது பாதுகாப்பானது கன்னிலும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுத்ததில்லை. பொருளைக் கேட்டால் போதாது, எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கதையை எந்தப் பட்டறையிலும் சொல்லாமல் நான் பம்ப் மாட்டுவதில்லை.

டிசம்பர் 21, இரவு 11.30

நேற்றுக் கரூர் போய் வந்தேன். கேள்வி கேட்டவர் கூப்பிட்டிருந்தார். ஐந்து மணி நேரம் ஒரு மூலையில் நின்று பார்த்ததில் அளவைவிடப் பெரிய விஷயம் கண்ணில் பட்டது. கூரைக்கு டாப் கோட் அடித்து முடிந்ததும் பெயின்டர் கன் ட்ரிகரை விட்டார், உடனே முகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தகட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒழுகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியில் பனி படிந்து மங்கலாக இருந்தால் வேறு என்ன செய்வார்? காற்று தெளிவாகத்தான் தெரிந்தது. நுண்ணிய துளிகள் கண்ணுக்குத் தெரியாது, இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் கல்யாண மேடையில் விடும் புகை மெஷினை வாடகைக்கு எடுத்து வரச் சொன்னேன். பூத் நிறையப் புகை விட்டு, எக்ஸாஸ்ட் போட்டு, போனில் நேரம் பார்த்தோம். நடுவில் சீக்கிரம் தெளிந்துவிட்டது. பஸ்ஸின் பின்பக்க மூலையில் மட்டும் சுருண்டு சுருண்டு நின்றது. முழுக்கப் போக பதினான்கு நிமிடம். "ரெண்டு நிமிசம்னு நினைச்சங்க" என்றார் பெயின்டர். அந்த மூலையில்தான் அவர் தினமும் கண்ணாடியைத் தூக்குவது.

பின் ஃபில்டரைக் கழற்றியபோது இரண்டு தகடு கெட்டியாக அடைத்திருந்தது.

2025 ஜனவரி 5, காலை 9.00

"ஒரு நாள் அளந்தால் போதாதா?" போதாது. ஒரே ஆள், ஒரே பூத், ஆனாலும் இன்றைக்கும் நாளைக்கும் ரீடிங் மூன்று மடங்கு மாறலாம். கூரை அடிக்கும் நாள் வேறு, சைடு அடிக்கும் நாள் வேறு. ஐரோப்பாவின் இ.என். 689 முறை சொல்வது கறாரானது: மூன்றே சாம்பிள்தான் எடுப்பேன் என்றால் மூன்றும் லிமிட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு என்றால் 15 சதவீதம், ஐந்து என்றால் 20. அதற்கு மேல் என்றால் இன்னும் எடுத்து, புள்ளியியல் கணக்குப் போட வேண்டும். லிமிட் 100, ரீடிங் 90, ஆகவே பாஸ் என்பது அங்கே கிடையாது.

மாஸ்க்குக்கு வெளியே எடுப்பதா உள்ளே எடுப்பதா என்றால், வெளியே. மாஸ்க் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது தனிக் கணக்கு.

பிப்ரவரி 16, இரவு 8.50

கரூரிலிருந்து போன் வந்தது. இருவரில் ஒருவருக்கு ஐசோசயனேட் ஆஸ்துமா என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார். இன்னொருவருக்கு இருமல் நின்றுவிட்டது, கம்ப்ரஸர் காற்று ஹெல்மெட்டும் காற்றைச் சுத்தம் செய்யும் ஃபில்டரும் வந்த பிறகு. பூத் கதவில் சிவப்பு பெயின்டில் "14 நிமிடம்" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்களாம். ஃபில்டரை மாற்றிவிட்டார்கள் என்றால் மறுபடி புகை விட்டு அந்த எண்ணைத் திருத்துங்கள் என்று சொன்னேன்.

ஆஸ்துமா வந்தவருக்கு இனி லிமிட் என்ற பேச்சே இல்லை. ஒருமுறை உடம்பு அடையாளம் வைத்துவிட்டால் கருவிக்கே எட்டாத அளவு போதும். பக்கத்து பூத்தில் அடித்தாலும் நெஞ்சு இறுகலாம். கன் பிடித்தே பதினெட்டு வருடம் ஆனவர், கூரை வளைவில் ஒரு கோடு தெரியாமல் அடிப்பார். சீட் ஃபிட்டிங் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். கூலி அதே கூலியா என்று கேட்டேன். "பேசிட்டிருக்கோமுங்க" என்றார் கேள்வி கேட்டவர். அடுத்த சனிக்கிழமை சாம்பிள் எடுக்கப் போகும்போது முதலாளியிடம் நானும் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.